சின்னத் தூரிகைச் சிநேகிதர்கள்

உங்கள் வீட்டில் படம் எழுதுகிறவர்கள் யாராவது உண்டா? சுவரளவுப் படம் எழுதுகிறவர்களை நான் கேட்கவில்லை. தீப்பெட்டி அளவு, மிஞ்சினால் ஓர் அஞ்சலட்டை அளவுப் படம் எழுதுகிறவர்களைக் கேட்கிறேன். இருந்தால் கண்டுபிடிப்பது மிகவும் சுலபம். இரவு பத்து மணிக்கு மேல் மேஜை விளக்கின் அடியில், மூக்கு காகிதத்தில் இடிக்கும்படி குனிந்திருப்பார்கள். நாக்கின் நுனி உதட்டோரமாக வெளியே எட்டிப் பார்க்கும். அந்தச் சமயத்தில் நீங்கள் மின்விசிறியைப் போட்டீர்களோ, தொலைந்தீர்கள்!

இதற்கு 'மினியேச்சர்' என்று பெயர். தமிழில் நுண்ணோவியம் என்கிறோம். பெயரைக் கேட்டதும், 'மினி' என்றால் சின்னது, அதனால் வந்த பெயர் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் வெகு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. ஈயத்தைச் சுட்டு எடுக்கும் ஒரு சிவப்புப் பொடிக்கு லத்தீன் மொழியில் 'மினியம்' என்று பெயர். ஐரோப்பாவில் ஏடுகளின் முதல் எழுத்தை அந்தச் சிவப்பினால் அலங்கரித்தார்கள். அந்த அலங்காரத்துக்கு ஏற்பட்ட பெயர், பிறகு சின்னப் படத்துக்கே நிலைத்துவிட்டது. ஆக, பெயரில் இருப்பது சிறுமை அல்ல, சிவப்பு!

இந்த வியாதி எனக்கும் உண்டு. இருபது வருஷ வியாதி. இதிலே ஒரு பெரிய கஷ்டம் என்னவென்றால், கூட்டாளி கிடைக்கமாட்டான். பாட்டுப் பாடுகிறவனுக்குச் சபை உண்டு. சீட்டாடுகிறவனுக்குத் திண்ணை உண்டு. தபால் தலை அளவுக்குக் குதிரை எழுதுகிறவனுக்கு யார் உண்டு? வீட்டில் காட்டினால், "நன்றாக இருக்கிறதே!" என்பார்கள். நேற்றைய படத்துக்கும் அதே வார்த்தைதான். போன வருஷத்துப் படத்துக்கும் அதே வார்த்தைதான். குற்றம் சொல்லத் தெரிந்த ஒரு மனிதர் இல்லாமல் போவது எத்தனை பெரிய தனிமை என்பது, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

உத்தியோக நிமித்தம் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தபோது, டவுனில் ஒரு கடைக்குப் போய் மூன்று சைபர் தூரிகை கேட்டேன். தூரிகைகளில் அதுதான் மிகவும் மெல்லிய ரகங்களில் ஒன்று. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த மயிரிழைத் தூரிகை கேட்டு வாரவுக இந்த ஊரிலே மூணே பேருதான், அண்ணாச்சி. நீங்க நாலாவது ஆளு. அந்த மூணு பேரும் மாசத்துலே ஒரு ஞாயித்துக்கிழமை செங்கோட்டை வண்டியிலே ஏறி எங்கனயோ போவாக. மறுநாளு, தூரிகை தேஞ்சு போச்சுன்னு எங்கிட்டே வருவாக!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று பேரா! ஒரே ஊரிலா! அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை எது என்று விசாரித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

நீங்களும் என்னோடு ரயில் ஏறுங்கள். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து மேற்கே செங்கோட்டைக்குப் போகும் பாதை, தாமிரபரணிப் பள்ளத்தாக்கை ஒட்டியே செல்கிறது. டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வரும். வயல், வாழை, தூரத்தில் நீல மலை. பொதிகை மலையில் பிறந்த ஆறு இந்த ஊர்களுக்கெல்லாம் சோறு போட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறது.

மூவரையும் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. ஒரு பெரியவர், ஓர் அம்மாள், ஓர் இளைஞன். மூவர் மடியிலும் ஒரே அளவுப் பெட்டி! பெரியவர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதுக்கு மேல். அந்த அம்மாள் பள்ளி ஆசிரியை. பேட்டையைச் சேர்ந்த இளைஞன் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். ஒருவருக்கொருவர் உறவும் இல்லை. ஒரே தெருவும் இல்லை. மூன்று சைபர் தூரிகைதான் அவர்களுக்குள் சம்பந்தம்.

என்னை அறிமுகம் செய்துகொண்டேன். பெரியவர் கையை நீட்டினார். "படம் கொண்டாந்திருக்கீயளா?"

பையில் இருந்தது, ஆனால் எடுக்கக் கை வரவில்லை. வாசகர்களே, இது ஒரு விசித்திரமான பயம். தெரியாதவர்களிடம் படத்தைக் காட்டப் பயமே இல்லை. தெரிந்தவரிடம் காட்டத்தான் வயிற்றைக் கலக்குகிறது. கடைசியில் எடுத்துக் கொடுத்தேன். ராஜஸ்தானத்துப் பாணியில், குதிரை மேல் ஒரு வீரன். மூன்று மாத உழைப்பு.

பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பேட்டை ஸ்டேஷன் வந்தது, போயிற்று. அவர் தலை நிமிரவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்: "முகம் நல்லா வந்திருக்கு. சேணமும் நல்லா இருக்கு. ஆனா இந்தக் குதிரை பாவம், நடக்க முடியாது."

"ஏன்?"

"பின்னங்காலும் முன்னங்காலு மாதிரியே முன்னாலே மடங்கியிருக்கே! பின்னங்கால் நடுமுட்டி பின்பக்கமால்லா இருக்கும்?"

சுருக்கென்றது. மூன்று மாதம் மேஜையின் மேல் இருந்த படம். எத்தனையோ பேர் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் கண்ணிலும் அந்தக் கால் படவில்லை! கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெரியவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுவதுபோல் கோவில்பட்டிக் கதையைச் சொன்னார். கொண்டையராஜு என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்த ஓவியர். ஒரு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர், கம்பெனி கலைந்தபோது 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அந்த ஊர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1986-ல்தான் தூத்துக்குடியோடு போயிற்று. அவர் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக வீட்டுக்கு வீடு தொங்கின.

"அந்தப் படங்களிலே சிலதுலே ரெண்டு கையெழுத்து இருக்கும், பாத்திருக்கீயளா? குரு கையெழுத்து ஒண்ணு. சீடர் சுப்பையா கையெழுத்து ஒண்ணு. ஒரே படத்துலே ரெண்டு பேரு கை வச்சிருக்காக. ஒருத்தன் தப்பை இன்னொருத்தன் திருத்தாம அது நடக்குமா?" என்றார் பெரியவர்.

எனக்கு அது சமாதானமாகவும் இருந்தது, பாடமாகவும் இருந்தது.

வீரவநல்லூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திருப்புடைமருதூர் போய்ச் சேர்ந்தோம். கடனா நதி வந்து தாமிரபரணியில் கலக்கும் இடம். சுவாமி நாறும்பூநாதர், அம்பாள் கோமதி. மல்லிகார்ஜுனம் என்ற ஸ்ரீசைலம், மத்தியார்ஜுனம் என்ற திருவிடைமருதூர், புடார்ஜுனம் என்ற இந்தத் திருப்புடைமருதூர், மூன்றுமே மருத மரத்தைத் தலமரமாகக் கொண்ட க்ஷேத்திரங்கள். ஊர் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊர் ஜனங்களே அவற்றுக்குக் காவல். 2005-ல் இந்த இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள்.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே வேறொரு சந்நிதியும் உண்டு. அது ராஜகோபுரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது! ஐந்து நிலைக் கோபுரம். உள்ளே குறுகிய படிகள். ஒவ்வொரு நிலையிலும் மரத்தூண்களில் நுணுக்கமான சிற்பங்கள், சுவரெல்லாம் சித்திரங்கள். விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. நினைத்த நேரத்தில் ஏறிவிட முடியாது. முன்கூட்டியே கேட்டு, அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். பெரியவர் எல்லாவற்றையும் முன்னதாகவே செய்து வைத்திருந்தார்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டிற்று. சற்றுப் பொறுத்தால் காவியும் கறுப்பும் பச்சையும் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து புறப்பட்டு வரும். ராமாயணக் காட்சிகள், சிவபெருமான் திருவிளையாடல்கள், படைகள், பரிவாரங்கள். கடல் கடந்து குதிரைகளை ஏற்றி வரும் ஒரு கப்பல்கூட உண்டு. அரபு நாட்டிலிருந்து குதிரை வாங்கிய காலம் அல்லவா? சுவர் பெரிது, உருவங்கள் பெரிதல்ல. வரிசை வரிசையாக, நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார்கள். ஏட்டில் எழுத வேண்டியதைச் சுவரில் எழுதியதுபோல் இருக்கிறது.

பேட்டைத் தம்பி ஒன்றும் பேசாமல் ஒரு குதிரையைக் காட்டினான். பார்த்தேன். பின்னங்கால்! இடுப்பிலிருந்து குளம்பு வரை வளைந்து மடங்கி இறங்குகிறது கோடு. எழுதியவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதன் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இதே இருட்டில் குனிந்து நின்று, நாக்கின் நுனியை உதட்டோரம் நீட்டிக்கொண்டுதான் இதை எழுதியிருப்பான் என்று தோன்றிற்று. அவனும் நம்ம கூட்டாளிதானே!

நால்வரும் ஆளுக்கு ஒரு சாண் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டோம். அவர்களுக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சுவரைத் தொடக்கூடாது. காகிதத்தைச் சுவரில் வைத்து நகல் எடுக்கக்கூடாது. நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று சிலர் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அது மகா பாதகம். சுண்ணாம்புப் பூச்சே பெயர்ந்து வந்துவிடும். பளீரென்று விளக்கு அடிக்கவும் கூடாது. தள்ளி உட்கார்ந்து, பென்சிலால் மட்டும் எழுத வேண்டும். நிறத்தைக் குறித்துக்கொண்டு, வர்ணம் பூசுவதை வெளியே வந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் ஆற்றங்கரையில் மர நிழலில் உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்த் துவையல். சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் பெட்டி திறந்தது. எங்கள் உலகத்து ரகசியங்களெல்லாம் அப்போதுதான் வெளிவந்தன.

ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுதுவதாக ஊரில் ஒரு கதை உண்டு. அதை நம்பாதீர்கள். ஒற்றை மயிரில் வர்ணம் நிற்காது. வடக்கே ஓவியர்கள் அணில் வால் மயிரைக் கொத்தாகச் சேர்த்துக் கட்டுவார்கள். அடியில் பல மயிர், நுனியில்தான் ஒன்று. டீச்சர் தம் படங்களைக் காட்டினார். கோமதி அம்மன் கோலம், நெல்லையப்பர் கோயில் தாமிர சபை, எல்லாம் அழகு. ஆனால் வர்ணம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நான் பார்த்தவுடனே, "பிசின் அதிகம், டீச்சர்!" என்றேன். வர்ணப் பொடியோடு பிசின் குறைந்தால் தூளாக உதிரும், கூடினால் வெடிக்கும். இது நான் பத்து வருஷம் கெட்டுத் தெரிந்துகொண்டது. டீச்சர் முகத்தில் வருத்தம் இல்லை, மலர்ச்சிதான் இருந்தது. "ஆறு மாதமாக யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன், ஸார்" என்றார்.

இன்னொன்றும் சொன்னேன். படம் காய்ந்ததும் வழவழப்பான கல்லின் மேல் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கம் மெருகுக் கல்லால் தேய்த்தால் வர்ணம் இறுகிப் பளபளக்கும். மெருகுக் கல்லுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. தம்பி எழுந்து போய், தாமிரபரணி தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கூழாங்கற்களில் நாலு பொறுக்கி வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தான்!

அவன் எங்களுக்குக் கைந்நடுக்கத்துக்கு வைத்தியம் சொன்னான். செல்போனுக்குள் மயிரிழைக் கம்பியைப் பற்றவைக்கிற கை அல்லவா? சுண்டுவிரலைக் காகிதத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு இழுக்கும் முன் கோட்டைப் போட வேண்டும். பெரியவர் எழுபதைத் தாண்டியும் கோடு நடுங்காமல் எழுதுவது இந்தச் சின்னப் பையன் சொல்லிக் கொடுத்த வித்தையினால்தான்.

கடைசியாகப் பெரியவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். 1987-ல் எழுதியது என்று மேலே குறித்திருந்தது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஒரு மண்டபத்துச் சுவரில் இருந்த சித்திரங்கள். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். ஒரு பெண் கையில் கிளி. கிளியின் வாயில் பழம். கிளியின் கண்ணில்கூட ஒரு புள்ளி ஒளி வைத்திருந்தார்.

"பிரமாதம்! இந்த மண்டபத்துக்கு எப்போது போகலாம்?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "போகலாம். சுவரு இருக்கு. வெள்ளையடிச்சிருக்காக. கோயிலைச் சுத்தப்படுத்துதோம்னு நல்ல எண்ணத்துலே செஞ்சதுதான். இந்தக் கிளி இப்போ இந்த நோட்டிலே மட்டுந்தான் இருக்கு, வே!"

ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இருபது வருஷமாக நான் எழுதிய படங்கள் என் பொழுதுபோக்குக்காக. அவர் எழுதியது ஒரு பொழுதுபோக்குத்தான். ஆனால் ஒரு சுவர் செத்துப்போன பிறகும் அதன் உயிர் அந்த நோட்டில் இருந்தது. அன்றைக்கே தீர்மானம் செய்தோம். எல்லோரும் ஒரே அளவுக் காகிதம். படத்தின் முதுகில் ஊர், கோயில், சுவர் எந்தத் திசை, தேதி, எல்லாம் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சுவரோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கோவில்பட்டிப் படங்களைப்போல் இரண்டு கையெழுத்து!

இன்னொன்றைக் கவனித்தீர்களா? பெரியவர் என்னை 'வே' என்றுவிட்டார். காலையில் 'நீங்க' என்று இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் அந்த ஓர் எழுத்துக்கு எவ்வளவு அர்த்தம் என்பது அந்தச் சீமைக்காரர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது.

சாயங்காலம் திரும்பும் வழியில் தம்பி எங்களைப் பத்தமடைக்கு அழைத்துப் போனான். அவன் மாமி அங்கே பாய் நெய்கிறார். ஆற்றங்கரைக் கோரையை வெட்டிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்துப் பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். உயர்ந்த ரகப் பாயைப் பட்டுத்துணிபோல் மடித்துவிடலாம். மணமகன், மணமகள் பெயரைக்கூட நெய்து தருகிறார்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போயிற்று என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மாமி எங்கள் படங்களை வாங்கிப் பார்த்தார். "கண்ணுக்கு வலிக்குமே, பிள்ளைகளா!" என்றார். கோரை இழையைக் கோத்துக் கோத்துத் தேய்ந்த விரல்களோடு அவர் எங்களுக்காக வருத்தப்பட்டார்! தேநீர் கொடுத்து, பழைய பாய்களின் கரை மாதிரிகளை எல்லாம் விரித்துக் காட்டினார். டீச்சர் அவற்றையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அதே வண்டியில் இன்னும் மேற்கே போனோம். முதலில் அம்பாசமுத்திரத்தில் இறங்கி, கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றும் மரச் சொப்புகளைப் பார்த்தோம். குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும் அம்மியும் உரலும் குடமும் செய்கிறவர்களும் எங்கள் ஜாதிதான். பிறகு தென்காசியில் இறங்கிக் குற்றாலம் போனோம். அருவிக்குப் போகும் கூட்டத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் அங்கே உண்டு. குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தின் எதிரே இருக்கும் சித்திர சபை. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று. மற்றச் சபைகளில் திருமேனியாக ஆடுகிறவர், இங்கே சித்திரமாகவே சுவரில் ஆடுகிறார். சித்திரத்துக்குத்தான் பூஜை! படம் எழுதி என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் இப்போது இந்த ஒரு பதிலைத்தான் சொல்கிறோம்.

என் குதிரை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மறுபடியும் எழுதினேன். அடுத்த பயணத்தில், ரயிலிலேயே பெரியவரிடம் நீட்டினேன். பூதக்கண்ணாடி வந்தது. பேட்டை ஸ்டேஷன் வந்தது, போயிற்று. பிறகு அவர் பெட்டியிலிருந்து தூரிகையை எடுத்து, படத்தின் முதுகில் தம் கையெழுத்தைப் போட்டார்.

"இப்போ நடக்கும், வே!"

ஆகவே, தனியாக உட்கார்ந்து சின்னப் படம் எழுதும் வாசகர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர்க் கடைக்குப் போய் மூன்று சைபர் தூரிகை கேளுங்கள். காசைக் கொடுத்துவிட்டு உடனே வந்துவிடாதீர்கள். இதை வேறு யார் வாங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.